இயற்கைப் புரதமும் செயற்கைப் பாலிமரும் இணைந்த திசுச் சாரங்கள்

உடலின் ஒரு பகுதி விபத்தாலோ நோயாலோ அழிந்துபோகும்போது, அவ்விடத்தில் புதிய திசு வளர்வதற்கு ஆதாரமாக ஒரு தற்காலிக அமைப்பை வைத்து, திசு வளர வளர அவ்வமைப்பு தானாகவே கரைந்து மறையுமாறு செய்யும் முறைக்குத் திசுப் பொறியியல் என்று பெயர். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான லாங்கர், வக்காண்டி ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை இத்துறைக்கு ஒரு வரையறையைத் தந்தது. எனினும் இத்துறையின் மூலப்பொருள்களுள் முதன்மையானதாகிய கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு, அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே சென்னையில் ஆராய்ந்து வெளியிடப்பட்டது என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துக் கூறுதல் தகும்.

இத்தற்காலிக அமைப்பைச் சாரம் என்று இங்குக் குறிப்பிடுவோம். மும்பை செம்பூர்ப் பகுதியிலுள்ள திலக் நகரில் பழைய வீட்டுவசதி வாரியக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு உயரமான புதுக் கட்டடங்கள் எழும்புகின்றன. அவற்றைச் சுற்றிக் கட்டப்படும் சாரத்தை எல்லோரும் கண்டிருப்பர். கட்டடம் முடியுமளவும் கொத்தனாருக்கு நிற்க இடந்தருவதும், முடிந்தபின் அகற்றப்படுவதும் அதன் இலக்கணம். திசுச் சாரமும் அத்தகையதே. இங்குக் கொத்தனாரின் இடத்தில் உயிரணுக்கள் இருக்கின்றன. சாரத்தைப் பிரித்தெடுக்கும் வேலையையும் உடலே செய்துகொள்கிறது என்பதுதான் வேறுபாடு.

1. சாரத்தின் தேவை

வளர்ந்த மனிதனின் தோல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்புடையது. அதன் மேற்படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அதன் கீழுள்ள தடித்த அடித்தோல் முழு ஆழத்திற்கும் அழிந்துவிட்டால், அது பழைய அமைப்பில் மீண்டும் வளர்வதில்லை. காயத்தின் ஓரங்கள் சுருங்கி, விறைத்த தழும்பு உண்டாகிறது. கழுத்திலோ முழங்கையிலோ விரல் மடிப்பிலோ இவ்வாறு நேர்ந்தால், அவ்வுறுப்பு நிமிர முடியாமல் மடங்கிப்போகிறது.

தீக்காயத்தின் பரப்பை மதிப்பிட மருத்துவர்கள் ஒன்பதின் விதியைக் கையாளுகின்றனர். தலையும் கழுத்தும் 9 விழுக்காடு, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, எஞ்சிய பகுதி 1, ஆகமொத்தம் 100. (குழந்தைகளுக்குத் தலையின் பங்கு இதனினும் மிகுதி.) சிறிய காயமாயின், அதே நபரின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் காயத்தின்மீது ஒட்டலாம். பாதிக்கு மேற்பட்ட உடல் வெந்துவிட்ட ஒருவரிடம் சீவி எடுப்பதற்குப் போதிய தோல் எஞ்சுவதில்லை. காயம் திறந்தபடி இருக்குமாயின் உடலின் நீரும் உப்பும் புரதமும் வெளியேறுகின்றன, கிருமிகள் உட்புகுகின்றன. எனவே இத்தகையவர்களின் உயிர், காயத்தை எவ்வளவு விரைவில் மூட முடியும் என்பதையே சார்ந்திருக்கிறது. திசுச் சாரத்தின் தேவை இங்குதான் முதன்முதலில் தெளிவாக உணரப்பட்டது.

2. நல்ல சாரத்தின் இலக்கணம்

ஒரு சாரம் ஐந்து நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்.

(அ) உயிரணுக்கள் அதன்மீது பற்றிக்கொள்ள வேண்டும்.
(ஆ) அதனுள் ஒன்றோடொன்று தொடர்புள்ள நுண்துளைகள் இருக்க வேண்டும். தோலுக்கான சாரத்தில் இத்துளைகள் ஏறத்தாழ 20 முதல் 120 மைக்ரோமீட்டர் அளவில் இருப்பது ஏற்றதெனக் கண்டறியப்பட்டுள்ளது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
(இ) தையலையும் அசைவையும் தாங்கும் வலிமை வேண்டும்.
(ஈ) புதுத் திசு உருவாகும் வேகத்திற்கு ஒத்த வேகத்தில் கரைய வேண்டும். முந்திக் கரைந்தால் திசு சரிந்துவிடும். பிந்திக் கரைந்தால் அந்நியப் பொருளாக நின்று அழற்சியை உண்டாக்கும்.
(உ) சாரமும், அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் நஞ்சாக இருத்தல் கூடாது.

இவ்வைந்தையும் ஒருங்கே நிறைவேற்றும் தனிப்பொருள் கிடைப்பது அரிது. முதல் நிபந்தனையைப் புரதங்கள் நன்கு நிறைவேற்றுகின்றன. மூன்றாவதையும் நான்காவதையும் செயற்கைப் பாலிமர்கள் நன்கு நிறைவேற்றுகின்றன. இரண்டையும் இணைக்கும் எண்ணம் இதிலிருந்தே பிறந்தது.

3. புரதத்தின் குணமும் குறையும்

பாலூட்டிகளின் உடலிலுள்ள புரதங்களுள் மிகுதியானது கொல்லாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய யாவற்றிலும் இது உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ஆம் ஆண்டில் இப்புரதத்திற்கு மூன்று இழைகளாலான ஓர் அமைப்பை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அதனைத் திருத்தி, மூவிழைகளும் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினர். அவர்களது எக்ஸ்கதிர்ச் சோதனைகளுக்குப் பயன்பட்ட கங்காருவின் வால் தசைநாண், அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியால் கிடைத்தது. கொல்லாஜன் இழையில் மூன்றுக்கு ஒன்றாகக் கிளைசின் என்னும் அமினோ அமிலம் வருகிறது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அதுவே. மூன்று இழைகள் நெருங்கி முறுக்கிக்கொள்ள உள்ளே இடம் மிகக் குறைவாதலால், அவ்விடத்தில் வேறெதுவும் பொருந்தாது.

உயிரணுக்கள் கொல்லாஜனைத் தமக்குரிய இடமாக அறிந்துகொள்கின்றன. உயிரணுவின் புறத்திலுள்ள பற்றுப் புரதங்கள், அமினோ அமிலங்களின் சில குறிப்பிட்ட வரிசைகளைத் தேடிப் பிடிக்கின்றன. ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்றும் அடுத்தடுத்து வரும் வரிசை அவற்றுள் புகழ்பெற்றது. பியர்ஷ்பாகர், ருவோஸ்லாட்டி ஆகியோர் 1984-இல் இதனை வெளியிட்டனர். டஸார் போன்ற காட்டுப்பட்டுப் புழுக்களின் இழைப் புரதத்திலும் இவ்வரிசை உள்ளது. மல்பெரிப் பட்டில் அது இல்லை. இந்தியாவின் காட்டுப்பட்டுகளைச் சாரம் செய்வதற்கு ஆராய்வதன் காரணம் இதுவே. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இவ்வகை ஆராய்ச்சி விரிவாக நடைபெற்றுள்ளது.

புரதத்தின் குறைகளும் பல. ஈரத்தில் கொல்லாஜன் பஞ்சு தளர்ந்து எளிதில் கிழியும். உடலின் நொதிகள் அதனை விரைவில் கரைத்துவிடும். வெப்பத்தில் அதன் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாக மாறும். பிராணியிலிருந்து எடுக்கப்படுவதால் ஒவ்வொரு முறையும் ஒரே தரமாகக் கிடைப்பதில்லை. நோய்க் கிருமிகள் தொற்றிவரும் அபாயமும் உண்டு.

4. செயற்கைப் பாலிமரின் குணமும் குறையும்

சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட பெரிய மூலக்கூறே பாலிமர். சாரங்களுக்கு உபயோகமாகும் செயற்கைப் பாலிமர்களுள் பாலிகிளைகாலிக் அமிலம், பாலிலாக்டிக் அமிலம், பாலிகாப்ரோலாக்டோன் ஆகிய மூன்றும் முக்கியமானவை. முதலிரண்டும் கரையும் தையல் நூல்களாக அறுவைக் கூடங்களில் நெடுங்காலமாக வழங்கிவருபவை. இவை நீரால் மெல்லச் சிதைகின்றன. பாலிகிளைகாலிக் அமிலம் சில வாரங்களில் வலிமையை இழக்கிறது. பாலிகாப்ரோலாக்டோன் முற்றிலும் மறைய இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகும். இரண்டு பாலிமர்களைத் தக்க விகிதத்தில் சேர்த்து, கரையும் காலத்தை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாம். இவ்வசதி புரதத்தில் இல்லை.

ஆனால் இப்பாலிமர்களின் பரப்பு நீரை ஏற்பதில்லை. உயிரணுக்கள் பற்றிக்கொள்வதற்குரிய அடையாளமும் அதில் இல்லை. பாலிலாக்டிக் அமிலம் சிதைந்தால் லாக்டிக் அமிலம் உண்டாகிறது. உழைக்கும் தசையிலும் அதே அமிலம் உண்டாவதால் உடல் அதனைக் கையாள அறியும். எனினும் பெரிய சாரமொன்று ஒரே காலத்தில் சிதைந்தால், அமிலம் ஓரிடத்தில் தேங்கிச் சுற்றியுள்ள திசுவை அரிக்கக்கூடும்.

5. இணைக்கும் முறைகள்

முதலாவது, அடுக்கு முறை. 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பர்க் என்ற அறுவை மருத்துவரும் யன்னாஸ் என்ற பொறியியல் பேராசிரியரும், உடலின் 50 முதல் 95 விழுக்காடு வரை வெந்த 10 நோயாளிகளுக்கு ஈரடுக்குத் தோலொன்றை உபயோகித்த விவரத்தை வெளியிட்டனர். அதன் கீழடுக்கு, மாட்டுக் கொல்லாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளும் சேர்ந்த நுண்துளைப் பஞ்சு. மேலடுக்கு சிலிக்கோன் என்னும் செயற்கைப் பாலிமரின் மெல்லிய தகடு. மேலடுக்கு நீரிழப்பையும் கிருமிகளையும் தடுக்கிறது. கீழடுக்கினுள் நோயாளியின் சொந்த உயிரணுக்களும் இரத்த நுண்குழாய்களும் புகுந்து புதிய அடித்தோலை அமைக்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரங்களில் சிலிக்கோனை உரித்துவிட்டு, மிக மெல்லிய மேல்தோலை ஒட்டினால் போதும். இம்முறை 1996-இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது.

இரண்டாவது, பூச்சு முறை. செயற்கை இழைகளால் வலை பின்னி, அதன்மீது புரதத்தைப் பூசிப் பிணைப்பது. நைலான் வலையையும் சிலிக்கோன் தகட்டையும் இணைத்துப் பன்றிக் கொல்லாஜனின் துண்டுகளைப் பூசிச் செய்த தற்காலிக மூடி, மேலோட்டமான தீக்காயங்களுக்குப் பல நாடுகளில் பயன்பட்டது.

மூன்றாவது, கலப்பு முறை. புரதத்தையும் பாலிமரையும் ஒரே கரைசலாக்கி, ஊசி முனை வழியே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் செலுத்தினால், கரைசல் நூலாக நீண்டு, கரைப்பான் ஆவியாகி, தலைமயிரைக் காட்டிலும் நூறு மடங்கு மெல்லிய இழைகள் தட்டின்மீது படிகின்றன. இதற்கு மின்னூற்பு என்று பெயர். ஜெலட்டினையும் பாலிகாப்ரோலாக்டோனையும் இவ்வாறு நூற்று, உயிரணுக்கள் அதில் நன்கு பரவுவதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சீராம் ராமகிருஷ்ணாவின் குழுவினர் 2005-இல் காட்டினர்.

இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. புரதம் நீரில் கரைவது; பாலிமரோ குளோரோபாரம் போன்றவற்றில் கரைவது. இரண்டையும் கரைக்க வல்ல புளோரின் கலந்த ஆல்கஹால்கள் கொல்லாஜனின் மூவிழை முறுக்கை அவிழ்த்துவிடுகின்றன. விலையுயர்ந்த கொல்லாஜனை இட்டு இறுதியில் ஜெலட்டினையே பெறும் நிலை இதனால் நேரிடும். ஆகவே பெயர்ப் பட்டியலில் கொல்லாஜன் என்றிருப்பதைக்கொண்டு, செய்து முடித்த சாரத்திலும் அது கொல்லாஜனாகவே இருக்கிறது எனக் கொள்ளலாகாது. சோதித்தே அறிய வேண்டும்.

6. பதனிடும் தொழில் தரும் விளக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்குக் குடியேறியவர்களுள் பலர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நடத்தினர். பதனிடும் சாலைகள் பெரும்பாலும் அங்கிருந்து பின்னர் அகன்றுவிட்டன. தோற்பொருள் செய்யும் தொழில் தொடர்ந்து நடந்துவருகிறது. அத்தொழிலை அறிந்தோருக்குத் திசுச் சாரத்தின் ரசாயனம் புதிதன்று. பச்சைத்தோல் என்பது பெரும்பாலும் கொல்லாஜனே. அதனை அப்படியே விட்டால் அழுகும்; வெந்நீரிலிட்டால் சுருங்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்பொருளோ குரோமிய உப்போ உட்புகுந்து கொல்லாஜன் இழைகளுக்கிடையே பிணைப்புகளை உண்டாக்கும்போது, அது அழுகாத தோலாகிறது. பச்சைத்தோல் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்குச் சற்று மேலேயே சுருங்கும். குரோமியத்தால் பதனிட்டது கொதிநீரையும் தாங்கும்.

சாரத்திலுள்ள புரதத்தையும் இவ்வாறே குறுக்கே பிணைத்து உறுதிப்படுத்த வேண்டும். ஆனால் செருப்புக்குப் பொருந்தும் மருந்து உடலுக்குப் பொருந்தாது. குளூட்டரால்டிஹைடு வலிய பிணைப்பைத் தரும். அதன் எச்சம் உயிரணுக்களுக்கு நஞ்சு. எனவே கார்போடைமைடு போன்ற, பிணைத்தபின் கழுவி நீக்கத்தக்க பொருள்களும், கார்டீனியாப் பழத்திலிருந்து கிடைக்கும் ஜெனிபினும், காற்று நீக்கிய கலத்தில் உலர்வெப்பம் ஊட்டும் முறையும் கையாளப்படுகின்றன. மேலும், அளவுக்கு மிஞ்சிப் பிணைத்தால் சாரம் கரையாமலே நின்றுவிடும். பதனிடுவோர் என்றும் அழியாத தோலை விரும்புவர். சாரம் செய்வோர் குறித்த காலத்தில் அழியும் தோலை விரும்புவர். இலக்கு வேறாயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

7. கிருமி நீக்கம்

அறுவைக் கருவிகளைப்போல் சாரத்தை நீராவியில் அவிக்க இயலாது, கொல்லாஜன் ஜெலட்டினாகிவிடும். பாலிகாப்ரோலாக்டோன் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். இதற்குரிய வழிகளுள் ஒன்று காமாக் கதிர். செம்பூரையடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சார்பில், மருத்துவப் பொருள்களைக் காமாக் கதிரால் கிருமி நீக்கும் ஐசோமெட் நிலையம் 1974-இல் நிறுவப்பட்டது. பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988-இல் தொடங்கப்பட்ட திசு வங்கி, தானமாகப் பெற்ற எலும்பையும் பனிக்குடச் சவ்வையும் பதப்படுத்தி, கதிர்முறையில் கிருமி நீக்கி வழங்க முற்பட்டது. பனிக்குடச் சவ்வும் கொல்லாஜன் நிறைந்த ஓர் இயற்கைச் சாரமே. எனினும் காமாக் கதிர் பாலிலாக்டிக் அமிலத்தின் சங்கிலிகளை அறுத்து வலிமையைக் குறைக்கும். ஆதலால் புரதமும் பாலிமரும் சேர்ந்த சாரத்திற்கு இரண்டுக்கும் ஒத்துவரும் முறையைச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்திலீன் ஆக்ஸைடு வாயு மற்றொரு வழி. அவ்வாயு சாரத்தில் தங்காதபடி முற்றும் வெளியேற்றுதல் அவசியம்.

8. கிடைத்த பயனும் கற்ற பாடமும்

2006-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் அட்டாலாவும் சகாக்களும், சிறுநீர்ப்பை குறைபாடுற்ற 7 இளம் நோயாளிகளுக்கு, அவரவர் உயிரணுக்களையே சாரத்தில் வளர்த்துப் பொருத்திய விவரத்தை வெளியிட்டனர். கொல்லாஜன் மட்டுமுள்ள சாரத்தைவிட, கொல்லாஜனும் பாலிகிளைகாலிக் அமிலமும் இணைந்த சாரத்தை இரத்தவோட்டமுள்ள வயிற்றுச் சவ்வால் போர்த்திப் பொருத்தியவர்களிடம் பலன் மேலாக இருந்தது. ஆயினும் 10 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியான இத்தகைய மற்றொரு சோதனையில் எதிர்பார்த்த முன்னேற்றம் ஏற்படவில்லை. சிலருக்குக் கடும் பக்கவிளைவுகளும் நேர்ந்தன.

இதனினும் கடுமையான நிகழ்ச்சி ஸ்வீடனில் நடந்தது. 2011-ஆம் ஆண்டு முதல், முற்றிலும் செயற்கைப் பாலிமராலான மூச்சுக்குழல்கள், விலங்குகளிடம் தக்கபடி சோதிக்கப்படாமலே மூன்று நோயாளிகளுக்கு அங்குப் பொருத்தப்பட்டன. மூவரும் பின்னர் இறந்தனர். அறுவை செய்தவருக்கு 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. இரத்தவோட்டம் இல்லாத இடத்தில் எந்தச் சாரமும் திசுவாகாது. இரத்த நுண்குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு அப்பால் உள்ள உயிரணு, பிராணவாயு எட்டாமல் மடிகிறது. மெல்லிய தோலில் கிடைத்த வெற்றி தடித்த உறுப்புகளில் இன்னும் கிட்டாமைக்கு இதுவே முதற்காரணம்.

இந்தியாவில் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கொல்லாஜனைக் காயமூடிகளாகவும் பஞ்சுகளாகவும் ஆக்கும் ஆராய்ச்சியை நெடுங்காலமாக நடத்திவருகிறது. 1948-இல் தோல் தொழிலுக்கென நிறுவப்பட்ட நிலையம் மருத்துவத் துறைக்கும் பயன்படுவது குறிப்பிடத்தக்கது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானக் கழகம், பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கி எஞ்சும் புரத வலையைக் காயமூடியாக உருவாக்கியது. 2023-இல் அதற்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள், சாதனங்களை அபாயத்தின் அளவுக்கேற்ப நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. இம்மூடி மிக உயர்ந்த அபாய வகுப்பைச் சேர்ந்தது.

9. வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனை

தேவையான பொருள்கள்: கடையில் கிடைக்கும் ஜெலட்டின் தூள், நைலான் கொசுவலைத் துண்டு, கெட்டியான தேயிலை வடிநீர், வெந்நீர், மூன்று தட்டுகள்.

ஜெலட்டினை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து மூன்று தட்டுகளில் மெல்லிய படலமாக ஊற்றவும். இரண்டாம், மூன்றாம் தட்டுகளில் ஊற்றுமுன் நைலான் வலையை விரித்துக்கொள்ளவும். படலங்கள் இறுகியபின் மூன்றாம் தட்டின்மேல் ஆறிய தேயிலை வடிநீரை ஊற்றி ஓரிரவு வைத்து, மறுநாள் கழுவவும். முதல் தட்டின் படலம் எடுக்கும்போதே கிழியும், வலையுள்ளவை கிழியா. மூன்றையும் கை பொறுக்கும் வெந்நீரில் இட்டால், முதலிரண்டிலும் ஜெலட்டின் கரைந்துவிடும்; இரண்டாவதில் வெறும் வலை எஞ்சும். துவர்ப்பொருள் ஏறிய மூன்றாவதில் கரைவது தாமதப்படும். பாலிமர் வலிமையைத் தருவதையும், குறுக்குப் பிணைப்பு ஆயுளைத் தருவதையும் மாணவர் இதனால் கண்ணாரக் காண்பர்.

10. வெளிப்பணியாளர் கவனத்திற்கு

இச்சாரங்கள் விலை மிகுந்தவை. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பவை அல்ல. ஆகவே மக்களிடம் இவற்றைப் பற்றிப் பேசும்போது பின்வருவனவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

தீக்காயம் பட்டவுடன் ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. பனிக்கட்டி, பற்பசை, மை, நெய், மாவு ஆகியவற்றைத் தடவலாகாது. சுத்தமான துணியால் மூடி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முதல் அரைமணியில் குறையும் ஆழம், பின்னர் எந்தச் சாரத்தாலும் ஈடுசெய்ய முடியாத நன்மையாகும்.

பெரிய தீக்காயத்தைத் தற்காலிகமாக மூடுவதற்கு, இறந்தோர் தானமாக அளிக்கும் தோல் இன்றும் சிறந்த துணையாகும். தாராவியை அடுத்துள்ள சயான் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டில் தோல் வங்கி தொடங்கப்பட்டது. இறந்து 6 மணி நேரத்திற்குள் தோலைப் பெறலாம். இரத்த வகை ஒத்திருக்க வேண்டுவதில்லை. தொடை, கால், முதுகு ஆகிய இடங்களிலிருந்து மெல்லிய மேலடுக்கு மட்டுமே எடுக்கப்படுவதால் உடல் உருக்குலையாது. கண் தானம்பற்றி அறிந்த குடும்பங்களும் தோல் தானம்பற்றி அறியாதிருப்பதால், அதனை எடுத்துரைப்பது பணியாளரின் கடமையாகும்.

சாரம் மாடு, பன்றி, மீன் முதலிய எப்பிராணியிலிருந்து பெறப்பட்டது என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்து சம்மதித்த பின்னரே உபயோகிக்க வேண்டும். சமயக் கொள்கையாலோ ஒவ்வாமையாலோ மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. உறுப்பையே வளர்த்துத் தருவதாகக் கூறும் விளம்பரங்களைக் கண்டால், அச்சிகிச்சைக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று வினவும்படி மக்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

வினாக்கள்

1. கொல்லாஜனில் மூன்றுக்கு ஒன்றாகக் கிளைசின் இருப்பதன் காரணம் யாது?
2. புரதம் மட்டுமே கொண்ட சாரத்திற்கும் பாலிமர் மட்டுமே கொண்ட சாரத்திற்கும் உள்ள குறைகளை ஒப்பிடுக.
3. ஈரடுக்குத் தோலில் சிலிக்கோன் தகடு மூன்று வாரங்களுக்குப் பின் உரிக்கப்படுவது ஏன்?
4. தோல் பதனிடுதலும் சாரத்தைப் பிணைத்தலும் எவ்வகையில் ஒத்தும் வேறுபட்டும் உள்ளன?
5. ஒருவருக்கு முழு வலது கையும் உடலின் முன்புறம் முழுவதும் வெந்துள்ளன. ஒன்பதின் விதிப்படி காயத்தின் பரப்பு எத்தனை விழுக்காடு?